வேகம் வரலைன்னா விரலைத் திட்டாதீங்க: குழல் கேள்வி பதில்

போன இதழ்ல "புல்லாங்குழல் பழகுறவங்க சாதகத்துல (தினசரிப் பயிற்சியில) எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்கன்னு எழுதுங்க"ன்னு ரெண்டே வரி போட்டிருந்தோம், கடிதம் வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். படிக்கப் படிக்க ஒரு விஷயத்துல சிரிப்பு வந்துச்சு, விரல் பிரச்சனைன்னு எழுதினவங்களுக்கு பெரும்பாலும் உதட்டுலதான் பிரச்சனை, மூச்சு பத்தலைன்னு எழுதினவங்களுக்கு விரல்ல லீக். இங்க சொல்றதெல்லாம் நம்ம 8 துளை கர்நாடகக் குழலுக்கு. வேற குழலா இருந்தா அங்கங்க சொல்லிடுறேன்.

கேள்வி: எட்டு மாசமா ஊதுறேன் சார். சத்தம் வருது, ஆனா கூடவே "ஸ்ஸ்ஸ்"னு காத்தும் வருது. குழல் சரியில்லையா? வேற வாங்கணுமா?

வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் குழலை நல்லா ஊதுற ஒருத்தர் கையில குடுத்துப் பாருங்க. அவர் கையில சுத்தமா பேசுச்சுன்னா மேட்டர் முடிஞ்சுது, குழல் மேல தப்பில்ல.

காத்து எப்படி சத்தமாகுதுன்னு தெரிஞ்சா பாதி சரியாயிடும். நீங்க ஊதுற காத்து ஊதுதுளையோட எதிர்ப்பக்க விளிம்புல போய் மோதுது, கொஞ்சம் உள்ள போகுது, கொஞ்சம் வெளிய போகுது, இப்படி உள்ள வெளிய உள்ள வெளியன்னு வேகமா ஊசலாடுறதுலதான் குழலுக்குள்ள இருக்குற காத்து அதிருது. காத்துக்கோடு மெல்லிசா இருந்து நேரா விளிம்புல பட்டா நாதம். அகலமா பரவி வந்தா விளிம்புல படாத காத்து எல்லாம் சும்மா வெளிய போகும், அந்த "ஸ்ஸ்" அதுதான்.

முதல் பயிற்சிக்கு குழலே வேணாம். உள்ளங்கையை வாய்க்கு முன்னாடி ஒரு சாண் தூரத்துல வச்சு ஊதுங்க. காத்து எவ்ளோ இடத்துல சில்லுன்னு படுதுன்னு கவனிங்க, உள்ளங்கை முழுக்க பட்டுச்சுன்னா உதட்டுத் திறப்பு ரொம்பப் பெருசு. ஒரு புளியங்கொட்டை அளவு இடத்துல மட்டும் படுற வரைக்கும் உதட்டைச் சின்னதாக்குங்க. ஆனா உதட்டைக் கடிச்சு இழுத்து சிரிக்கிற மாதிரி வச்சுக்காதீங்க, ஓரம் ரெண்டும் லேசா பிடிச்சிருக்கணும், நடுவுல மெத்துன்னு இருக்கணும்.

அடுத்து கண்ணாடி முன்னாடி நின்னு குழலை எடுங்க. எல்லாத் துளையும் திறந்தே இருக்கட்டும், அதாவது க. ஊதிக்கிட்டே குழலை ரொம்ப ரொம்ப மெதுவா உங்க பக்கம் உருட்டுங்க, அப்புறம் வெளிப்பக்கம் உருட்டுங்க. எங்கயோ ஒரு இடத்துல "ஸ்ஸ்" குறைஞ்சு சத்தம் திடீர்னு தடிக்கும், அதுதான் உங்க இடம். அங்க நிறுத்தி ரெண்டு மூச்சு ஊதிட்டு, குழலை வாயிலிருந்து முழுசா எடுத்துடுங்க. மறுபடி வைங்க, அதே இடத்தைத் தேடுங்க. எடு, வை, ஊது. எடு, வை, ஊது. இருபது தடவை. போரடிக்கும்தான், ஆனா வச்ச உடனே தேடாம சத்தம் வர ஆரம்பிச்ச நாள்ல நீங்களே புரிஞ்சுக்குவீங்க இது எதுக்குன்னு.

அது வந்தப்புறம் ஒவ்வொரு விரலா மூடிக்கிட்டே கீழ இறங்குங்க, ரி, ஸ, மந்த்ர (கீழ் ஸ்தாயி) நி, த, ப, ம. ஒவ்வொண்ணும் சுத்தமா கேக்குற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க. நாலு விரல் வரைக்கும் நல்லா வந்து அஞ்சாவது மூடினதும் உடைஞ்சு கத்துச்சுன்னா அது உதடு இல்ல, அந்த அஞ்சாவது விரல் ஒழுங்கா மூடல. சந்தேகமா இருந்தா பத்து நிமிஷம் வாசிச்சதும் விரலைத் திருப்பிப் பாருங்க, துளையோட வட்டம் விரல்ல பதிஞ்சிருக்கும். முழு வட்டம் இருந்தா சரி, பிறை மாதிரி இருந்தா லீக்.

கேள்வி: சரளி வரிசை (ஸ ரி க ம-ன்னு ஏறி இறங்குற முதல் பாடம்) ரெண்டு காலமும், அதாவது ரெண்டு வேகமும், சுத்தமா வருது. மூணாங்காலம் போனா க-விலிருந்து ம-வுக்குப் போறப்ப விரல் சிக்கிக்குது, நடுவுல ஏதோ ஒரு கெட்ட சத்தமும் வருது. விரலுக்கு வேகம் வர என்ன பயிற்சி?

இந்தக் கேள்வி மட்டும் விதவிதமா ஏகப்பட்டது வந்திருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்குங்க.

முதல்ல கணக்கைப் பாருங்க. ஸ-வுக்கு மேலிருந்து முதல் ரெண்டு துளை மூடணும், ரி-க்கு ஒண்ணு, க-வுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் திறந்திருக்கும். அடுத்தது ம, அதுக்கு ஆறு துளை மூடணும். அப்புறம் ப-வுக்கு அஞ்சு, த-வுக்கு நாலு, நி-க்கு மூணு, மேல் ஸ-வுக்கு மறுபடி ரெண்டு. அப்ப மத்த எல்லா இடத்துலயும் ஒரு விரல்தான் அசையுது, க-ம இடத்துல மட்டும் ஆறு விரல் ஒரே நேரத்துல இறங்கணும். அதோட முடியல, க வரைக்கும் கீழ் ஊதல், ம-விலிருந்து மேல் ஊதல் (அதே விரலுக்கு உதட்டைச் சின்னதாக்கினா ஒரு ஸ்தாயி மேல கேக்குறது), அதனால உதடும் அதே நொடியில மாறணும். ஏழு வேலை ஒரே சமயத்துல. சிக்காம என்ன பண்ணும்? நம்ம குழல்லயே இதுதான் பெரிய பள்ளம், உங்க விரல்ல ஒண்ணும் குறை இல்ல.

அதனால மூணாங்காலத்துல முழு வரிசையையும் நூறு தடவை வாசிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல, சிக்கலையே நூறு தடவை பழகினதா ஆயிடும். அந்த ஒரு இடத்தை மட்டும் பிச்சு எடுங்க.

ஊதாம ஆரம்பிங்க. குழலைப் பிடிச்சுக்கிட்டு ஆறு விரலையும் தூக்கி ஒண்ணா இறக்குங்க. மூங்கில்ல விரல் படுற சத்தம் காதுல விழும். "டப்"னு ஒரே சத்தமா கேட்டா சரி, "டடப்"னு கேட்டா ஏதோ ஒரு விரல் லேட், பெரும்பாலும் வலது கை மோதிர விரல்தான் சோம்பேறி. ஒரு நாளைக்கு ஒரு ரெண்டு நிமிஷம் இந்த "டப்" மட்டும். டிவி பார்த்துக்கிட்டே கூட பண்ணலாம், நான் அப்படித்தான் பண்ணினேன், இதை என் வாத்தியார் படிக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

அடுத்தது பிடி. க-வுல எல்லா விரலும் எந்திரிச்சிடுது, அப்ப குழலைத் தாங்குறது யாரு? கட்டை விரல் ரெண்டும், இடது ஆள்காட்டி விரலோட அடிப்பகுதியும், கீழ் உதட்டுக்கு அடியில இருக்குற தாடையும்தான், வலது சுண்டு விரலை மூங்கில் மேல சும்மா வச்சுக்குறவங்களுக்கு அதுவும் ஒரு துணை. இது உறுதியா இல்லன்னா க வந்த உடனே "குழல் விழுந்துடுமோ"ன்னு கை தன்னால இறுக்கிக்கும், இறுகின கையால ஆறு விரலை லேசா இறக்க முடியாது. க ஊதிக்கிட்டே எல்லா விரலையும் காத்துல ஆட்டிப் பாருங்க, குழல் ஆடாம நின்னா பிடி சரி. ஆடுச்சுன்னா வேகத்தைப் பத்தி இன்னும் பேசவே வேணாம்.

இப்ப ஊதலாம். மெட்ரோனோம் 60-ல வச்சு, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், க ம க ம, நாக்கால வெட்டாம ஒரே மூச்சுல. நடுவுல வர்ற கெட்ட சத்தம் என்னன்னு காது குடுத்துக் கேளுங்க. கீழ் ம எட்டிப் பார்த்துட்டுப் போச்சுன்னா விரல் சரி, உதடு லேட். வேற ஏதோ ஸ்வரம் பொறி மாதிரி தெறிச்சா உதடு சரி, ஒரு விரல் லேட். இது ரெண்டையும் பிரிச்சுக் கேக்கத் தெரிஞ்சுட்டாலே பாதி வாத்தியார் நீங்கதான்.

அதுக்கப்புறம் தாளத்தைக் கோணலாக்குங்க. க-வை நீட்டி ம-வைப் பட்டுன்னு விடுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மாத்தி க சின்னது, ம நீளம். நீளமான ஸ்வரத்துல விரல் ரெஸ்ட் எடுக்குது, சின்ன ஸ்வரத்துல ஓடுது, அதனால ஓட்டம் மட்டும் தனியா பழகுது, மனசும் பதறல. அப்புறம் ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போங்க: ரி க ம க ரி, ரி க ம ப ம க ரி, ஸ ரி க ம ப த ப ம க ரி ஸ. வேகத்தை 4, 4-ஆ ஏத்துங்க. ரெண்டு தடவை தொடர்ந்து தப்பினா 8 இறக்கிடுங்க, ரோஷப்படாதீங்க. விரலை மூங்கில்லிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல தூக்காதீங்க, தூக்குற தூரம் எல்லாம் திரும்பி வர்ற தூரம்தானே.

கேள்வி: யூடியூப்ல ஒருத்தர் மாயாமாளவகௌளை ராகத்துல ஆரம்பிக்கணும்னு சொல்றார், இன்னொருத்தர் மோகனத்துல ஆரம்பிங்கன்றார். யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் சரி, சண்டை போட வேணாம். மாயாமாளவகௌளையில ஆரம்பிக்கிறது புரந்தரதாசர் வகுத்ததா சொல்ற முறை, வாய்ப்பாட்டுக்கு அருமையா பொருந்தும். குழல்ல ஒரு சின்ன சங்கடம். நம்ம குழல்ல துளையை முழுசா மூடி முழுசா திறந்தா தானா வர்றது ஹரிகாம்போதி ராகத்தோட ஸ்வரங்கள். மாயாமாளவகௌளை வேணும்னா ரி, த, நி மூணையும் பாதித் துளையில எடுக்கணும். அதாவது முழுத் துளையே ஒழுங்கா மூடத் தெரியாதவர்கிட்ட பாதி மூடுன்னு சொல்றோம்.

அதனால என் வழக்கம், மொத ரெண்டு மூணு மாசம் விரல் பயிற்சி எல்லாம் ஹரிகாம்போதி ஸ்வரத்துலயும் மோகனத்துலயும். மோகனத்துல பாதித் துளையே கிடையாது. ஆனா க-விலிருந்து நேரா ப-வுக்கு அஞ்சு விரல் இறங்கணும், ரொம்ப சுலபம்னும் நினைச்சுடாதீங்க. அது நிதானமானப்புறம் மாயாமாளவகௌளைக்கு வாங்க, வந்தே ஆகணும், டிமிக்கி குடுக்க முடியாது.

பாதித் துளைக்கு ஒரு பயிற்சி: தம்பூரா ஆப்பைப் போட்டுக்கிட்டு ஸ ஊதுங்க. ரெண்டாவது துளை மேல இருக்குற விரலைத் தூக்காம, சைடுல மெதுவா உருட்டித் திறங்க. ஸ-விலிருந்து சத்தம் வழுக்கிக்கிட்டே மேல போகும், உங்களுக்கு வேண்டிய ரி வர்ற இடத்துல நிறுத்துங்க. எது வேண்டிய இடம்னு எப்படித் தெரியும்? முன்னாடியே வாயால பாடி வச்சிருந்தா தெரியும். பாட வராதவருக்குப் பாதித் துளையும் வராது, இதை நான் கொஞ்சம் கறாராவே சொல்றேன். அப்புறம் இன்னொண்ணு, "பாதி"ன்னு சொல்றது பேச்சுக்குத்தான், ஒவ்வொரு துளையிலயும் எவ்ளோ திறக்கணும்னு வேற வேற, உங்க குழலுக்கும் என் குழலுக்கும் கூட வேற.

கேள்வி: ஜண்டை வரிசையில ரெண்டு ஸ, ரெண்டு ரி வருதே, ரெண்டாவதை நாக்கால "து"ன்னு அடிக்கணுமா, விரலால அடிக்கணுமா?

விரலாலதான் பழகணும். துத்துகாரம், அதாவது நாக்கால அடிக்கிறது, தப்பில்ல, அதுக்கு இடம் இருக்கு, ஆனா ஜண்டையில ஒவ்வொண்ணுக்கும் நாக்கை அடிச்சா தையல் மிஷின் ஓடுற மாதிரி இருக்கும். ஜண்டையோட அழகே ரெண்டாவது ஸ்வரம் அழுத்தி விழுறதுதான், அதுக்கு ஒரு கணம் கீழ ஸ்வரத்தைத் தொட்டுட்டு மேல வரணும். ரி ரி-ன்னா ரெண்டாவது ரி-க்கு முன்னாடி ஸ-வோட விரல் ஒரு தட்டுத் தட்டி எந்திரிக்கும், மூச்சு அறுபடாது. தட்டுறது பல்லி நாக்கு மாதிரி சுருக்குன்னு இருக்கணும், ஸ-ன்னு தனியா கேட்டுடக் கூடாது. ம ம-வுல மட்டும் கஷ்டம், கீழ ஸ்வரம் க, அதுக்கு ஆறு விரலும் எழும்பணும். அங்க மட்டும் ஆரம்பத்துல லேசா நாக்கு வச்சுக்குங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க.

கேள்வி: எனக்கு 52 வயசு. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்குது, சில சமயம் தலை கிர்ருன்னு சுத்துது. இந்த வயசுல ஆரம்பிச்சது தப்பா?

தப்பே இல்லங்க. முதல்ல தலை சுத்தறதைப் பேசிடுவோம். புதுசா ஊதுறவங்களுக்கு எந்த வயசுலயும் இது வரும், வேக வேகமா ஆழமா மூச்சு இழுத்து வெளிய விடுறதால ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சு வர்ற கிறுகிறுப்பு. வந்த உடனே குழலைக் கீழ வச்சுட்டு உக்காந்து சாதாரணமா மூச்சு விடுங்க, போயிடும். போகலைன்னாலோ, நெஞ்சு வலி, இளைப்பு மாதிரி ஏதாவது இருந்தாலோ, குழலை மறந்துட்டு டாக்டரைப் பாருங்க.

இப்ப ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட ஒரு சுத்து. எட்டு தட்டு, 60 வேகத்துல எட்டு நொடி. எட்டு நொடிக்கு உங்ககிட்ட காத்து இல்லாம இல்ல, இருக்குறது வீணாப் போகுது. ஒரு சோதனை பண்ணுங்க, நல்லா மூச்சு இழுத்து பல்லுக்கு நடுவுல மெல்லிசா "ஸ்ஸ்ஸ்"னு விட்டு எத்தனை நொடி வருதுன்னு எண்ணுங்க. அப்புறம் மறுபடி அதே அளவு மூச்சு இழுத்து குழல்ல ஸ ஊதி எண்ணுங்க. முதல்ல 25 வந்து குழல்ல 8 வந்தா நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, உதட்டுத் திறப்புதான் பெருசு. மேல முதல் பதிலுக்குப் போங்க, அந்தப் புளியங்கொட்டை. வாரம் ஒரு நாள் இந்த ரெண்டு நம்பரையும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு வந்தா, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி குறையறதைக் கண்ணால பார்க்கலாம்.

மூச்சு இழுக்குறப்ப தோள் மேல ஏறக்கூடாது, வயிறும் விலாவும் விரியணும். மல்லாக்கப் படுத்து வயித்து மேல ஒரு தடி புத்தகம் வச்சு அது ஏறி இறங்குறதைப் பாருங்க, உடம்பு தானா கத்துக்கும். முக்கியமா, காத்து முழுசா தீர்ற வரைக்கும் ஊதாதீங்க, கால்வாசி மிச்சம் இருக்குறப்பவே எடுங்க. எங்க எடுக்கறதுன்னு வாசிக்கிறப்ப முடிவு பண்ணக் கூடாது, வரிசையை முன்னாடியே பாடிப் பார்த்து பென்சில்ல கோடு போட்டு வச்சுக்கணும். பாடறப்ப எங்க இயல்பா மூச்சு விடறீங்களோ அங்கதான் குழல்லயும்.

கேள்வி: நாதஸ்வரக்காரங்க பண்ற மாதிரி ஊதிக்கிட்டே மூக்கால மூச்சு இழுக்குறது குழல்ல வருமா? பழகலாமா?

வரும், குழல்ல ரொம்பக் கஷ்டப்பட்டு. நீங்க அஞ்சு மாசம்தான் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க, இப்ப வேணாம்.

கேள்வி: மேல் ஸ்தாயி போனாலே பீய்ச்சுது சார். வீட்டுல எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு ரூமுக்குள்ள ஓடுறாங்க.

பாவம் அவங்க. மேல போகணும்னா பலமா ஊதணும்னு நினைக்கிறீங்க, அங்கதான் தப்பு. மேல் ஊதலுக்கு வேண்டியது காத்தோட வேகம், காத்தோட அளவு இல்ல. தண்ணிக் குழாய் நுனியை விரலால பாதி அடைச்சா தண்ணி தூரமா பீச்சுதில்ல, குழாயைக் கூடுதலா திறக்கலையே. உதட்டைக் கொஞ்சம் சின்னதாக்கி ஒரு நூல் அளவு முன்னாடி தள்ளுங்க, போதும்.

பயிற்சி: விரல் மாத்தாம மந்த்ர ப, மத்ய (நடு ஸ்தாயி) ப, மந்த்ர ப, மத்ய ப. அஞ்சு துளை மூடினபடியே இருக்கும், உதடு மட்டும் வேலை செய்யும், நாக்கு கிடையாது. நாலு தட்டு கீழ, நாலு தட்டு மேல. அடுத்து த, நி, ஸ. இது ஈஸியானதும் மேல் ஸ்வரத்தை எவ்ளோ சின்ன சத்தத்துல பிடிக்க முடியும்னு பாருங்க, கீழ விழுற விளிம்புல நிக்கிற மாதிரி, இன்னும் கொஞ்சம் குறைச்சா கீழ் ப ஆயிடும்னு தெரியணும், ஆனா ஆகக் கூடாது. இந்த விளிம்புல ஒரு பத்து நொடி நிக்க முடிஞ்சா பீச்சல் போயிடும். வீட்டுல இருக்குறவங்களும் திரும்பி வருவாங்க.

கேள்வி: டியூனர் ஆப்ல பார்த்தா ஆரம்பிக்கிறப்ப 20 சென்ட் கம்மியா காட்டுது, அரை மணி நேரம் கழிச்சு சரியாயிடுது. ஆனா நீளமா ஊதினா கடைசியில மறுபடி கீழ இறங்குது. குழல்ல டிஃபெக்டா?

ரெண்டும் வேற வேற விஷயம். முதல்ல சொன்னது சூடு. காத்து சூடாக ஆக அதுல ஒலி போற வேகம் கூடும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு சுமார் 0.6 மீட்டர், அதனால சுருதியும் ஏறும். உள்ள இருக்குற காத்து 10 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 30 சென்ட், பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஸ்வரஸ்தானத்துக்கு நடுவுல 100 சென்ட்தான்னு பார்த்தா இது கணிசமான தூரம். வாசிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத் துளையையும் மூடிக்கிட்டு, சத்தம் வராம வெதுவெதுன்னு உள்ள நாலஞ்சு தடவை மூச்சு விடுங்க, அப்புறம் தம்பூரா போடுங்க.

ரெண்டாவது உங்க கை வேலை, அதாவது உதட்டு வேலை. மூச்சு தீரத் தீரக் காத்தோட வேகம் குறையுது, சுருதி விழுது. இதுக்குத்தான் கார்வை சாதகம். ஒரே ஸ்வரத்தைச் சின்னதா ஆரம்பிச்சு, நடுவுல பெருசாக்கி, மறுபடி சின்னதாக்கி முடிங்க, சுருதி மட்டும் அசையக் கூடாது. பெருசாக்குறப்ப சுருதி ஏறப் பார்க்கும், குழலை இம்மி உள்பக்கம் உருட்டினா இறங்கும். சின்னதாக்குறப்ப விழப் பார்க்கும், வெளிப்பக்கம் உருட்டி உதட்டைச் சின்னதாக்கணும். ஆனா டியூனர் முள்ளைப் பார்த்துக்கிட்டே பண்ணாதீங்க, கண்ணு கத்துக்கும், காது கத்துக்காது. தம்பூராவோட சேர்த்து ஊதிட்டு, ரெக்கார்ட் பண்ணி, அப்புறம் வேணும்னா டியூனர்கிட்ட காட்டி மார்க் வாங்குங்க.

கேள்வி: எங்க மாமா வாங்கிக் குடுத்த குழல்ல 6 துளைதான் இருக்கு. உங்க விரல் கணக்கு சரியா வரல.

அது ஹிந்துஸ்தானி பன்சுரி. அதுல மூணு துளை மூடினா ஸ, ஆறும் மூடினா கீழ் ப. கணக்கு மொத்தமா வேற. அதுவும் பிரமாதமான வாத்தியம்தான், ஆனா கர்நாடக வரிசை அதுல பழகிட்டு அப்புறம் 8 துளைக்கு மாறினா விரல் எல்லாத்தையும் மறந்து மறுபடி பழகணும். எது வேணும்னு இப்பவே முடிவு பண்ணுங்க. மாமா மனசு நோகாம பார்த்துக்குங்க.

கேள்வி: வேலைக்குப் போறவ நான். தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்குது. எப்படிப் பிரிக்கிறது?

அரை மணி நேரம் தாராளம்மா, தினமும் கிடைச்சா. ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் ஊதுறவரை விட நீங்க முன்னாடி போவீங்க, உதட்டுத் தசை இடைவெளி விட்டா மறந்துடும்.

முதல் எட்டு நிமிஷம் கார்வை, கீழிருந்து ஆரம்பிச்சு, இதைக் குறைக்கவே குறைக்காதீங்க. அப்புறம் ஒரு பத்து நிமிஷம் ஒரே ஒரு சிக்கல், இந்த வாரம் க-ம-ன்னா வாரம் பூரா க-ம-தான், திங்கக்கிழமை ஒண்ணு செவ்வாக்கிழமை ஒண்ணுன்னு தாவாதீங்க. மிச்சம் இருக்குற நேரம் அலங்காரமோ (தாளத்தோட வர்ற ஸ்வரப் பயிற்சி) கீதமோ (சின்னப் பாட்டு), உங்களுக்குப் பிடிச்சது எதுவோ, நடுவுல நிறுத்தித் திருத்தாம கடைசி வரைக்கும் வாசிக்கிறது. கடைசி ஒரு நிமிஷம் போன்ல ரெக்கார்ட் பண்ணி மறுநாள் காலைல கேளுங்க, அப்பவே கேட்டா மனசு வாசிச்சதைக் கேக்காது, வாசிக்க நினைச்சதைத்தான் கேக்கும்.

அசதியா இருக்குற நாள்ல எல்லாத்தையும் விட்டுடுங்க, கார்வை மட்டும் பண்ணிட்டுத் தூங்குங்க.

கேள்வி: மூணு வருஷம் ஆச்சு. அலங்காரம் ஏழும் மூணு காலத்துல வரும், வர்ணம் ரெண்டு தெரியும். ஆனா ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா கீபோர்டு மாதிரி டொக் டொக்னு இருக்கு, பாட்டு மாதிரி இல்ல.

இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுட்டீங்கல்ல, காது முழிச்சிருச்சு, சந்தோஷம். விரல் இத்தனை நாளா கதவு மாதிரி திறந்து மூடிப் பழகிடுச்சு. இனிமே திரைச்சீலை மாதிரி நகரணும்.

குழல்ல வாய்ப்பாட்டு மாதிரியே கமகம் (ஸ்வரத்தை அசைச்சு வழுக்கிக் குடுக்குறது) கொண்டு வர முடியும்னு காட்டினவர் மாலி, அதான் டி.ஆர். மகாலிங்கம், 1926-ல பொறந்து 1986-ல மறைஞ்சவர். அவர் சிஷ்யர் என். ரமணி வாசிப்புலயும் அந்தப் பாட்டுக் குணம் அப்படியே கேக்கும். இவங்க பழைய பதிவுகளைக் கேளுங்க, ஆனா முதல்ல விரலைக் கேக்காதீங்க, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு மட்டும் கேளுங்க.

பயிற்சிக்கு மோகனத்தையே எடுத்துக்கலாம். க ஊதுங்க, ரி-க்கு இறங்கணும். வழக்கமா மேல் துளையை டக்குன்னு மூடுவீங்க. இப்ப விரலைத் துளையோட ஓரத்துல வச்சு மெதுவா உள்ள தள்ளித் தள்ளி மூடுங்க, சத்தம் க-விலிருந்து வழுக்கிக்கிட்டே ரி-ல போய் உக்காரணும், இதுதான் ஜாரு. முதல்ல நாலு தட்டு எடுத்துக்குங்க, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒண்ணு. ரி-லிருந்து ஸ-வுக்கும் இதே மாதிரி. அப்புறம் ஏறுறப்ப, அது இன்னும் கஷ்டம், விரலைத் திறக்குறப்ப வேகம் கட்டுப்படாது. க-விலிருந்து ப-வுக்கு விரலால வழுக்க வழி கிடையாது, அங்க மூச்சை ஒரு கணம் மெலிசாக்கி மூடி மறைச்சு ஒட்டு போடணும், மாலியோட பதிவுல இந்த மாதிரி ஒட்டு எங்க இருக்குன்னே தெரியாது.

வர்ணத்துல ஒரே ஒரு வரி எடுங்க. பாடுங்க, சாஹித்யத்தோட, வெக்கப்படாம. அந்த வரியை யாராவது நல்ல பாடகர் பாடின பதிவைப் போட்டு, கூடவே பாடுங்க. பத்து தடவை பாடினப்புறம் குழலை எடுத்து, ஸ்வரத்தை நினைக்காம அந்த வார்த்தைகளை நினைச்சுக்கிட்டே ஊதுங்க. எந்த எழுத்து நீளுதோ அங்க மூச்சு நீளும், எங்க வல்லின எழுத்து வருதோ அங்க மட்டும் லேசா நாக்கு. ஒரு வரிக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல. உங்களுக்குத் தெரிஞ்ச வர்ணம் ரெண்டுலயும் சேர்த்து எத்தனை வரி இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டு, காலண்டரைப் பார்த்து பயந்துடாதீங்க.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு மேலதான் எனக்கு நேரம். ஊதினா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுறார். ஊதாம சாதகம் பண்ண வழி இருக்கா?

இருக்கு. குழலைத் தாடையில வச்சுக்கிட்டு, மெதுவான குரல்ல வரிசையைப் பாடிக்கிட்டே விரலை மட்டும் போடுங்க. அந்த "டப்" சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், அதுவே உங்களுக்கு மார்க் போடும். உள்ளங்கையில ஊதுற பயிற்சி, புத்தகம் வச்சு மூச்சு, ஜாருக்கு விரலைத் தள்ளித் தள்ளி மூடுறது, எல்லாமே சத்தமில்லாம ஆகும். தாளம் மட்டும் தொடையில போடுங்க, கட்டில்ல போடாதீங்க. ஞாயித்துக்கிழமை பகல்ல பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு ஒரு மணி நேரம் நல்லா வாய்விட்டு ஊதுங்க. அப்பவும் கதவைத் தட்டினார்னா மேல் ஸ்தாயி பதிலை இன்னொரு தடவை படிங்க.